சிவகாமியிடம் கேட்கப்படாத கேள்வி

2015 ஜூலை 10 முதல் 2017 ஏப்ரல் 28 வரை, ஏறத்தாழ 21 மாதங்கள், இந்த நாடு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது: கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றார்? தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேரப் படமாக்கப்பட்டு இந்திக்கும் மலையாளத்துக்கும் மொழிமாற்றம் செய்யப்பட்ட ஒரு படத்தின் கடைசிக் காட்சி, மொழி எல்லைகளைத் தாண்டி எல்லாருக்கும் பொதுவான விடுகதை ஆயிற்று. இரண்டாம் பாகம் வந்தது, விடையும் வந்தது. அந்த விடையில் கட்டப்பாவைப் பற்றிப் புதிதாக அறிந்துகொள்ள ஏதுமில்லை. மகிழ்மதியின் அரியணைக்கு அடிமையாயிருப்போம் என்று முன்னோர் கொடுத்த வாக்கைச் சுமந்து வாழும் ஒருவர், ஆணை வந்தது, அழுதுகொண்டே நிறைவேற்றினார். முதற்பாகத்தில் எந்தக் கட்டப்பாவைக் கண்டோமோ அதே கட்டப்பாதான்.

முடிச்சு வேறிடத்தில் இருந்தது. ஆணையிட்டவள் சிவகாமி. அவள் ஏன் அப்படி ஆணையிட்டாள் என்ற கேள்வியை அந்த 21 மாதங்களில் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையான செய்தியும் எவரிடமும் இல்லை. இரண்டாம் பாகம் அக்கேள்வியைத் தானே எழுப்பிவிட்டு, அதற்கு அரைகுறையான விடையைத் தந்து நகர்கிறது. ஆயினும் அப்படம் பெரும் இன்பத்தைத் தருகிறது. உலக அளவில் 1,000 கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் இந்தியப் படம் அது. பாத்திரத்தின் இயல்பு முறிந்த இடம் கண்முன் தெரிகிறது, இன்பமோ குறையவில்லை. இவை இரண்டும் ஒருங்கே உண்மையாயிருப்பது எங்ஙனம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

முதற்பாகத்துச் சிவகாமியை நினைவுகூர்ந்தால் முறிவின் அளவு விளங்கும். கைக்குழந்தைகள் இரண்டுக்கும் பாலூட்டிக்கொண்டே கலகத்தை அடக்கி அரசைக் கைக்கொண்டவள் அவள். தன் வயிற்றில் பிறந்த பல்வாள்தேவனையும் தாயிழந்த அமரேந்திரனையும் ஒரே தட்டில் வைத்து வளர்த்தவள். இவற்றைவிட முக்கியமானது காலகேயர் போரின் முடிவில் அவள் தரும் தீர்ப்பு. பகைத்தலைவனைக் கொல்பவனே அடுத்த அரசன் என்று போருக்கு முன் அறிவித்தவள் அவளே. கொன்றவன் பல்வாள்தேவன். சொல்லின்படி பார்த்தால் அரியணை அவனுக்கு. ஆனால் பிணையாக நிறுத்தப்பட்ட மகிழ்மதி மக்களின்மேல் தேரோட்டிச் சென்றவன் அவன். அவர்களைக் காத்த பின்னரே போரைத் தொடர்ந்தவன் அமரேந்திரன். சிவகாமி தன் சொல்லின் எழுத்தைக் கைவிட்டு, அச்சொல்லின் நோக்கத்தைப் பற்றிக்கொள்கிறாள். பெற்ற மகனை விட்டு வளர்த்த மகனுக்கு முடியைத் தருகிறாள். இந்திய வெகுசனத் திரைப்படத்தில் ஆட்சி செய்யும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு தெளிந்த அறிவை வழங்கிய காட்சிகள் மிகச் சில.

இரண்டாம் பாகத்தில் அவள் மூன்று முடிவுகளை எடுக்கிறாள். குந்தல நாட்டு இளவரசி தேவசேனையைப் பல்வாள்தேவனுக்கு மணம் முடிப்பதாக, இளையவன் மனத்தை அறியாமலே வாக்களிப்பது முதலாவது. இதில் முறிவு இல்லை. அரியணையை இழந்த மகனுக்கு ஏதேனும் ஈடு செய்ய வேண்டும் என்ற தாயின் குற்றவுணர்வு அதற்குப் போதிய காரணம். அமரேந்திரனின் காதலை அவள் அறிந்திருக்கவும் வழியில்லை. அரசவையில், அரியணையா தேவசேனையா என்று அமரேந்திரனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இரண்டாவது. இங்குதான் தடுமாற்றம் தொடங்குகிறது. போர்க்களத்தில் தன் சொல்லைவிட அறம் பெரிது என்று காட்டியவள், இப்போது தன் சொல்லே அறம் என்கிறாள். அமரேந்திரனின் தரப்பை அவள் கேட்கிறாள்; ஆனால் செவிக்கு அப்பால் அது செல்வதில்லை. இதையும் ஒருவாறு ஏற்கலாம். முதல்முறையாக ஓர் இளம்பெண், முழு அவையின் முன்னிலையில், பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் எப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்று வினவுகிறாள். அக்கேள்வி நியாயமானது என்பதாலேயே அது சிவகாமியைச் சுடுகிறது.

மூன்றாவது முடிவை எவ்வகையிலும் காக்க இயலாது. பிங்கலத்தேவன் குமார வர்மனைத் தூண்டிவிடுகிறான்; அவன் பல்வாள்தேவனைக் கொல்ல வந்து தானே மடிகிறான்; அமரேந்திரன் ஏவியதாகச் சொல்லப்படுகிறது; சிவகாமி நம்புகிறாள்; கொலையாணை பிறக்கிறது. ஒரு சாட்சி விசாரணை இல்லை. அரண்மனையைவிட்டு விலக்கப்பட்டு மக்களோடு மக்களாக வாழும் வளர்ப்பு மகனை அழைத்து ஒரு சொல் கேட்பதில்லை. தன் கணவன் எத்தகையவன் என்பது மகிழ்மதியில் வேறெவரைக் காட்டிலும் அவளுக்கே நன்கு தெரியும். அவனுக்கு அரியணை மறுக்கப்பட்டதன் காரணமே அவன் மனத்தின் கோணல். அவனும் மகனும் கூடிச் சொன்னதை, இருபத்தைந்து ஆண்டுகளாக அவனுடைய சூழ்ச்சிகளைக் கண்டறிந்தவள் அப்படியே விழுங்குகிறாள். கதைக்கு அது தேவைப்பட்டது என்பதைத் தவிர இதற்குக் காரணம் இல்லை.

இத்தகைய படங்களைப் பற்றிப் பல்கலைக்கழக வளாகங்களில் இரண்டு வகைப் பேச்சு உண்டு. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. கட்டமைப்பில் ஓட்டை இருப்பதால் இன்பமே பொய்யானது, மயக்கப்பட்டவர்களின் இன்பம் அது என்பது மற்றொன்று. முன்னது படத்தை இழிவுசெய்கிறது. பின்னது பார்த்தவர்களை இழிவுசெய்கிறது. கருத்தரங்கக் கட்டுரைகளில் பெரும்பாலும் பின்னதே காணப்படுகிறது. அக்கட்டுரைகளை எழுதியவர்களும் முதல் நாள் முதல் காட்சிக்குச் சென்றவர்களே என்பது வேறு செய்தி.

எந்தக் குறை எந்த இன்பத்தைத் தாக்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. படம் வெளிவந்தபோது மிகுதியாகக் கேலிக்கு உள்ளானவை பனைமரங்கள். இறுதிப் போரில், வளைத்துக் கட்டிய பனைகள் நிமிரும் விசையில் வீரர்கள் கேடயங்களைக் கவசமாகப் பூட்டிக்கொண்டு கோட்டை மதிலைத் தாண்டிச் சென்று விழுகிறார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் அரங்கில் இருந்த எவருக்கும் அப்பனைகளால் ஒரு கேடும் நேரவில்லை. நிகழக்கூடிய நம்பத்தகாததைவிட, நம்பத்தகுந்த நிகழவியலாததே கவிஞனுக்கு ஏற்றது என்ற கருத்து அரிஸ்டாட்டிலின் கவிதையியலில் உண்டு. பனைமரம் நிகழவியலாதது, எனினும், மகேந்திரன் அதைச் செய்வான் என்று நம்ப முடிகிறது. சிவகாமியின் ஆணை எந்த அரசிலும் நிகழக்கூடியது. எனினும், இந்தச் சிவகாமி அதை இடுவாள் என்று நம்ப முடியவில்லை. கேலிச் சித்திரங்கள் எல்லாம் முன்னதைத் துரத்தின, பின்னது தப்பித்துக்கொண்டது.

மூன்று அம்புகளை ஒரே வில்லில் தொடுக்கத் தேவசேனைக்கு அமரேந்திரன் கற்றுத்தரும் இடமும், கொம்புகளில் தீ ஏந்திய எருதுகள் இருளில் பாயும் இடமும் இப்படிப்பட்டவையே. தொல்காப்பியம் மருட்கைக்குக் கூறும் நிலைக்களன்களில் புதுமையும் பெருமையும் உண்டு. சாபு சிரிலின் கலையமைப்பும் செந்தில்குமாரின் ஒளிப்பதிவும் மரகதமணியின் இசையும் இவ்விரண்டையும் இடைவிடாது ஊட்டுகின்றன. மருட்கையில் இருப்பவர் காரணம் கேட்பதில்லை. ஆனால் படத்தின் இன்பம் முழுவதையும் இதன் கணக்கில் எழுதிவிட முடியாது. எழுதினால் அரசவைக் காட்சி விளங்காது போகும். அங்கே யானையும் இல்லை, பனையும் இல்லை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். திரையரங்குகள் மிகுதியாக ஆர்ப்பரித்த இடங்களில் அதுவும் ஒன்று. பாத்திரத்தின் முறிவு தொடங்கும் இடமும் அதுவே.

சுவை கெடுவதற்கு ஔசித்தியம் கெடுவதே காரணம் என்பது ஆனந்தவர்த்தனரின் துணிபு. அக்கோலைக் கொண்டு அளந்தால் இரண்டாம் பாகம் இடைவேளைக்கு முன்பின்னாகவே சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. கோட்பாடு பிழையானது என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. எழுத்தில் இல்லாத பொருத்தத்தை வேறொன்று கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று கொள்வதே தகும். அந்த வேறொன்று, ரம்யா கிருஷ்ணன்.

நடிப்பாற்றலை மட்டும் கருதி இதைச் சொல்லவில்லை. ஒரு நடிகையின் முகம் வெறும் முகமன்று. பார்வையாளர் அதில் முன்பு கண்டவை எல்லாம் அதில் தங்கியிருக்கின்றன. 1995இல் வந்த ‘அம்மோரு’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் தெய்வமாகத் தோன்றினார். ‘அம்மன்’ என்ற பெயரில் அது தமிழகத்துச் சிற்றூர் அரங்குகள் வரை ஓடியது. 1999இல் ‘படையப்பா’வில் நீலாம்பரி ஆனார். தன்னை மறுத்தவனை மன்னிக்க மனமின்றி 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்த செருக்கின் உருவம் அவள். தெலுங்கு மக்கள் அதை ‘நரசிம்மா’ என்று பார்த்தார்கள். ஆகவே 2015இல் ரம்யா கிருஷ்ணன் அரியணையில் வந்து அமர்ந்தபோது, அவருடைய கண்களில் அம்மனும் இருந்தாள், நீலாம்பரியும் இருந்தாள். முதற்பாகம் அம்மனைப் பயன்படுத்தியது. இரண்டாம் பாகம் நீலாம்பரியை எழுப்பிவிட்டது. கதையாசிரியர் விஜயேந்திர பிரசாத் சிவகாமியின் செருக்கை வளர்த்தெடுக்கக் காட்சிகள் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்குத் தென்னிந்தியப் பார்வையாளர் அதை முன்பே அறிந்திருந்தனர். ஒரு புருவம் உயர்ந்தது. மீதியை அரங்கம் நிரப்பிக்கொண்டது. படையப்பாவை அறியாத வடஇந்தியப் பார்வையாளருக்கு இந்தத் துணை கிடைத்திருக்காது. அவர்கள் வேறு வழியில் அங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வளர்த்த மகனை மறந்து பெற்ற மகன்பால் சாயும் அரசியை அவர்களுடைய இராமகதையும் அறியும்.

அந்த ஒப்பீட்டைச் சற்று நீட்டலாம். நல்லவர் இயல்பு திரியும் இடம் காப்பியங்களுக்குப் புதிதன்று. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் மகிழ்ந்து மந்தரைக்கு மாலை பரிசளித்த கைகேயி, சற்று நேரத்தில் அவனைக் காட்டுக்கு அனுப்பத் துணிகிறாள். கம்பன் இந்த விரிசலைக் கண்டான். மந்தரையின் சொல்வன்மை போதாது என்று உணர்ந்து, தேவர்களின் மாயையையும் துணைக்கு அழைத்தான். வாலியை மறைந்து நின்று கொன்றது இராமனுக்கு ஒவ்வாத செயல். அதை வாலியின் வாயாலேயே கேட்கவைத்தான். மறைந்து நின்றதற்குரிய விடையையும் இராமன் சொல்வதாக அமைக்காமல் இலக்குவனிடம் ஒப்படைத்தான்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ சிவகாமிக்கு இன்னும் நெருங்கியவன். நீதிக்குப் பெயர்பெற்ற குடியில் வந்தவன், ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிடுகிறான். இளங்கோ அந்த ஒரு கணத்துக்குச் செய்துவைத்த ஏற்பாடுகள் பல: ஆடல் மகளிரைக் கண்டு அரசன் மகிழ்ந்தது, அதனால் கோப்பெருந்தேவி ஊடியது, அவளைத் தேற்ற அவன் விரைந்துகொண்டிருந்தது, அவ்வேளை பார்த்துப் பொற்கொல்லன் குறுக்கே வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் ஊழ். பாண்டியன் பிழை செய்கிறான். ஆனால் பாண்டியனாகவே இருந்து பிழை செய்கிறான். கண்ணகி வந்து சிலம்பை உடைக்கும் கணத்தில் உண்மையை ஏற்று உயிர் விடுகையில், அவனுடைய நீதி அவனிடமே திரும்பி வருகிறது.

சிவகாமிக்கு ஊழும் இல்லை, ஊடலும் இல்லை, விரைவும் இல்லை. எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது. அவளுக்கு நேர்ந்தது, கதை பின்னோக்கி எழுதப்பட்டதன் விளைவு. முதற்பாகத்தின் இறுதியில் அமரேந்திரன் முதுகில் வாள் பாய்ந்தாயிற்று. வாளைப் பாய்ச்சியவர் கட்டப்பா என்பதும் காட்டியாயிற்று. அரியணையின் ஆணைக்கன்றிக் கட்டப்பா வாளெடுக்க மாட்டார். இரண்டாம் பாகம் இந்தக் கடனோடு பிறந்தது. கடனை அடைக்க எவராவது ஒருவர் வளைய வேண்டியிருந்தது. பல்வாள்தேவனின் ஆணையால் கட்டப்பா கொன்றிருந்தால் துயரம் பாதியாகியிருக்கும். அது வெறும் பகைவனின் வெற்றி. தாயின் ஆணையால் கொல்வதே நெஞ்சை அறுக்கும். பெரிய துயரத்தை வாங்குவதற்குச் சிவகாமியின் அறிவை விலையாகக் கொடுத்தார்கள். விலை அதிகம், ஆனால் வாங்கிய பொருள் போலி அன்று.

இங்கு நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. முதற்பாகத்தின் தொடக்கக் காட்சியிலேயே, முதுகில் அம்பு தைத்த சிவகாமி குழந்தையோடு ஆற்றில் இறங்கி, தான் செய்த பாவத்துக்குத் தன் உயிரை எடுத்துக்கொண்டு குழந்தையை வாழவிடும்படி இறைவனிடம் முறையிடுகிறாள். அவளிடம் ஒரு பாவம் உண்டு என்பது முதல் நிமிடங்களிலேயே சொல்லப்பட்டுவிட்டது. பின்வந்த காட்சிகளின் ஒளியில் அது மறந்துபோயிற்று. நீரின்மேல் குழந்தையைத் தூக்கிப் பிடித்த ஒற்றைக் கை மட்டும் சுவரொட்டிகளில் நிலைத்தது; அந்தக் கைக்குரியவள் என்ன செய்துவிட்டு அங்கு வந்தாள் என்பதை எவரும் கேட்கவில்லை. ஆகவே படைத்தவர்கள் சிவகாமியை நடுவழியில் மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு முழு உண்மையன்று. அவள் பிழை செய்பவள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய நிறைகளை எல்லாம் முதற்பாகத்திலும், குறைகளை எல்லாம் இரண்டாம் பாகத்திலும் அடுக்கியதே பிழை. நிறைகளுக்கு நடுவே ஒரு சிறு செருக்கை, மறுக்கப்பட்டால் கொதிக்கும் ஒரு சினத்தை, முதற்பாகம் ஒரு காட்சியில் காட்டியிருந்தால் போதும்.

படம் தன் குறையைத் தானே உணர்ந்த இடமும் ஒன்று இருக்கிறது. கொலை முடிந்து, சூழ்ச்சியை அறிந்து, இரத்தக்கறையோடு திரும்பும் கட்டப்பா, அரசியைப் பெயர் சொல்லி அழைத்து, தவறு செய்துவிட்டாய் என்கிறார். வாழ்நாள் முழுதும் தலைதாழ்த்தி நின்ற அடிமை, மதிப்புச் சொல்லைக் கைவிடும் ஒரே இடம் அது. வாலியின் கேள்விக்கும் கண்ணகியின் சிலம்புக்கும் உரிய வேலையை இந்த ஒற்றை அழைப்பு செய்கிறது. சத்யராஜின் குரல் அங்கே உடைகிறது. நாடு 21 மாதங்கள் கட்டப்பாவிடம் கேட்ட கேள்வியைக் கட்டப்பா சிவகாமியிடம் திருப்பிக் கொடுக்கிறார். பதில் சொல்ல அவளுக்கு நேரம் தரப்படவில்லை. குழந்தையை அரசன் என்று அறிவிக்கிறாள், ஓடுகிறாள், ஆறு காத்திருக்கிறது.

ஆய்வாளர்கள் கவலைப்பட வேண்டியது இயல்பு முறிந்ததைப் பற்றியன்று, எவருடைய இயல்பு முறிக்கப்பட்டது என்பதைப் பற்றி. அமரேந்திரன், பல்வாள்தேவன், பிங்கலத்தேவன், கட்டப்பா என நான்கு ஆடவரும் முதல் சட்டகத்திலிருந்து கடைசிச் சட்டகம் வரை தத்தம் வார்ப்பில் வழுவாமல் நிற்கிறார்கள். கதைக்கு நெகிழ்ச்சி தேவைப்பட்டபோதெல்லாம் பெண்பாத்திரங்களே வளைந்துகொடுத்தனர். சிவகாமி தன் அறிவை இழந்தாள். அவந்திகா இன்னும் மோசம். முதற்பாகத்தில் வாளேந்திய போராளியாக அறிமுகமானவள், தேவசேனையை மீட்கும் பணியையே காதலனிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகக் கரைந்துபோகிறாள். சிவகாமியின் முறிவிலாவது ஒரு துயரம் விளைந்தது. அவந்திகாவின் மறைவில் எதுவும் விளையவில்லை. இதை இரசிப்பதற்கு ஒரு வழியும் இல்லை.

தேவசேனை மட்டும் தப்பினாள். அரசவையில் கேள்வி கேட்டவளும், பெண்களைத் தீண்டிய படைத்தலைவனின் விரல்களை வெட்டியவளும், 25 ஆண்டுகள் சங்கிலியில் கிடந்து பல்வாள்தேவனின் சிதைக்காகச் சுள்ளி பொறுக்கியவளும் ஒருத்தியே என்பதில் எங்கும் ஐயம் எழுவதில்லை. இரண்டாம் பாகத்தின் இன்பத்தில் பெரும்பங்கு அவளுடையது. அனுஷ்காவின் நிமிர்ந்த கழுத்து அதற்குச் சான்று. சிவகாமி தாழத் தாழ அவள் உயர்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு படத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பெண்கள் அறிவோடு இருக்க இடமில்லையோ என்ற கசப்பான ஐயமும் அதனோடு எழும்.

63ஆவது தேசிய விருதுகளில் முதற்பாகம் சிறந்த திரைப்படம் ஆயிற்று. 65ஆவது விருதுகளில் இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்தது முழுமையான பொழுதுபோக்கு வழங்கிய வெகுசனப் படம் என்ற விருது. தேர்வுக்குழுக்கள் அறிந்தோ அறியாமலோ இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குறித்துவிட்டன.

2025 அக்டோபர் 31 அன்று இராஜமௌலி இரண்டு பாகங்களையும் ஒன்றாகத் தொகுத்து, ஏறத்தாழ 3 மணி 45 நிமிடம் ஓடும் ஒரே படமாக மீண்டும் வெளியிட்டார். அவந்திகாவின் காதற்பகுதி பெரிதும் வெட்டப்பட்டது. இருந்த கொஞ்சமும் போயிற்று. 21 மாத இடைவெளி ஓர் இடைவேளையாகச் சுருங்கியது. முன்பு சிவகாமியின் போர்க்களத் தீர்ப்பைப் பார்த்தவர்கள் அவளுடைய கொலையாணையைப் பார்க்க ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் முன்னது மங்கிப்போயிருந்தது. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இருக்கையில் இருந்தபடி, இரண்டையும் பார்க்க நேர்கிறது. முறிவு முன்னிலும் கூர்மையாகத் தெரிகிறது. ஆயினும் கட்டப்பா அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் அரங்கம் முன்போலவே அமைதியாகிவிடுகிறது.